விசேஷம் ஒன்றுமில்லை

மத்திய வீதியில், மோட்டார் உதிரிப்பாகக் கடைக்கு மேலே
பதினாலு படி ஏறினால் சிபானாவின் அறை.
செவ்வாய்க்கிழமை.
வங்கியில் அரைநாள் லீவு எழுதி
காரணம் என்ற கட்டத்தில்
‘சொந்த அலுவல்’ என்று போட்டுவிட்டு வந்தேன்.

‘கலியாண வீடா?’
இல்லை.
‘பிறந்தநாளா?’
அது மாசியில்.
‘அப்ப வெளிநாட்டால யாரும் வாறாங்களா?’
விசேஷம் ஒன்றுமில்லை, சிபானா.
நகம் மட்டும்தான் வந்திருக்கிறது.

வளையமொன்றில் கோத்த பொய்நகங்களை
விசிறியாக விரித்தாள்.
எல்லாமே பிரெஞ்சுதானாம்.
பிரான்சிலிருக்கும் என் மச்சாள்
நகத்தைச் சதையோடு ஒட்ட வெட்டிக்கொண்டு
ஹோட்டல் அறைகள் துடைக்கிறாள்.
அவளைக் கேட்டால்
இப்படியொன்றைக் கேள்விப்படவேயில்லை என்பாள்.

முதலாவது பழைய முறை.
இளம் ரோஸ் அடி, நுனியில் தடித்த வெள்ளை,
பள்ளிக்கூடச் சுவருக்கு மேசன் இழுத்த
சுண்ணாம்புக் கரைபோல ஒளிவுமறைவில்லாதது.
அடுத்தது நூல் கனம்;
கிட்ட வந்தால்தான் தெரியும்.
கிட்ட வருகிறவர் யார்?
இன்னொன்று தலைகீழ், பிறை நகத்தின் அடியில்.
ஒன்றில் ரோஸ் எங்கே முடிந்து
வெள்ளை எங்கே தொடங்குகிறதென்று பிடிபடாது.
பால்தேத்தண்ணி என்று அதற்கு அவள் வைத்த பேர்.
கடைசியில் கூர்நுனி,
இரண்டு கோடுகள் சந்திப்பது,
பாஸ்புக்கில் நான் போடும் ‘சரி’ அடையாளம்.

‘அலைநுரை எண்டு நினைச்சுப் பாருங்க,
உப்புவெளிக்கு வாற வெள்ளைக்காரிகள்
அப்படித்தான் சொல்லுவாங்க.’
வேண்டாம் தாயே.
இந்த ஊரில் எதைத் தொட்டாலும்
கடலைக் கொண்டுவந்து ஒட்டுகிறார்கள்.
நகம் நகமாகவே இருக்கட்டும்.

பிறகு என் இடக்கைச் சின்னவிரலைத் தூக்கிப் பார்த்தாள்.
தேர்தல் மை.
ஆறு கிழமையாகிறது.
வெடி கொளுத்தியவர்களும் ஓய்ந்துவிட்டார்கள்,
மை மட்டும் நகத்தோடு வளர்ந்து
நடுவழியில் நிற்கிறது,
ஊதாவும் மண்ணிறமுமாய்.
‘ரோசுக்குள்ளால இது தெரியுமே. அராவட்டா?’

அரத்தைப் பிடித்த அவள் விரல்களைப் பார்த்தேன்.
பத்து நகமும் மருதோன்றிச் சிவப்பு.
பூச்சுப் பூசினால் ஒளு சேராது என்றாள்.
காலையில் கிண்ணியாவிலிருந்து பஸ்ஸேறி வந்து
பின்னேரம்வரை மற்றவர் நுனிகளில்
வெள்ளை வைக்கிறவள்.

நூல் கனத்தைத்தான் காட்டியிருந்தேன்.
முகாமையாளரின் கண்ணுக்கும் தப்பும்.
என் கவுண்டரில், கண்ணாடிக்குக் கீழே ஒரு சந்து.
பதினொரு வருடமாக
அதற்குள்ளால் வெளியே போய்வருவது
என் விரல்கள்தான்,
ஐயாயிரத்தோடும் ஐந்நூறோடும்.
யாருக்கும் தெரியாமலிருக்க
எதற்கு அரைநாள் லீவு?

‘முதலாவதையே வை.’
‘தடிச்சதா?’
‘தடித்ததுதான்.’
‘மை?’
‘அராவாதே. அது நான் போட்ட வாக்கு.
நுனிக்கு மட்டும் வெள்ளை.’
சிரித்தாள். நீல வெளிச்சப் பெட்டிக்குள்
கையை வைத்து இருவரும் அறுபதுவரை எண்ணினோம்.
அவள் ஐம்பத்தெட்டிலேயே எடுக்கச் சொன்னாள்.

கீழே லொத்தர்க் கடை வாசலில் ஒரு மான்
விழாத டிக்கட்டுகளை மென்றபடி
வழிவிடாமல் நின்றது.
கைப்பையைத் திறக்கவும் பயந்து
அதைச் சுற்றி நடந்தேன்,
பத்து விரலையும் விரித்துப் பிடித்துக்கொண்டு.

புதன், பத்து மணி.
கயித்தான் சம்மாட்டி கூலிக்காசு எடுக்க வந்திருந்தார்.
நான் எண்ண எண்ண
சத்தமில்லாமல் தானும் உதட்டால் எண்ணுகிறவர்;
ஒருநாளும் என்னை நம்பியதில்லை.
நாற்பதைத் தாண்டியதும்
உதடு நின்றது.

‘பிள்ளை, எனக்குப் பிசகிப்போச்சு.
முதல்லயிருந்து எண்ணுங்கோ.’

கட்டைத் தட்டி நேராக்கினேன்.
ஒன்று,
கொஞ்சம் மெதுவாக,
இரண்டு.